யுரேனசுக்கு ஒரு விடை, புதனுக்கு வேறு விடை: அறிவியல் கோட்பாடுகள் மாறும் விதம்

1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானாய்வகத்துக்குப் பாரிசிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. எழுதியவர் உர்பைன் லெவெரியே என்ற பிரெஞ்சுக் கணித வானியலாளர். வானத்தில் தாம் குறிப்பிடும் இடத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பினால், இதுவரை யாரும் அறியாத ஒரு கோளைக் காணலாம் என்று அதில் எழுதியிருந்தார். அன்று இரவே யோகான் காலே தொலைநோக்கியின் முன் அமர்ந்தார். கண்ணில் பட்ட ஒவ்வொரு விண்மீனின் இடத்தையும் அவர் உரக்கச் சொல்லச் சொல்ல, ஹைன்ரிக் தாரெஸ்ட் என்ற மாணவர் அப்போதுதான் அச்சாகி வந்திருந்த விண்மீன் வரைபடத்தில் அதைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு மணி நேரம் ஆவதற்குள், வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளியைக் காலே சொன்னார். லெவெரியே கணித்த இடத்திலிருந்து அது ஒரு பாகைகூட விலகியிருக்கவில்லை. அந்தப் புள்ளிதான் நெப்டியூன்.

இந்தத் தேடலுக்குக் காரணமாக இருந்தது யுரேனஸ். 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த அந்தக் கோள், நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கொண்டு கணித்த பாதையில் செல்லவில்லை. 1821-இல் அலெக்சி பூவார் வெளியிட்ட அட்டவணைகள் சில ஆண்டுகளிலேயே வானத்தோடு பொருந்தாமல் போயின. அப்போது வானியலாளர்களின் முன் இரண்டு வழிகள் இருந்தன. சூரியனிலிருந்து அவ்வளவு தொலைவில் நியூட்டனின் விதி சற்று மாறுபடுகிறது என்று கொள்ளலாம். அல்லது விதி சரிதான், கணக்கில் சேராத வேறொரு பொருள் யுரேனசை இழுக்கிறது என்று கொள்ளலாம். லெவெரியேயும், இங்கிலாந்தில் தனியாக அதே கணக்கைப் போட்ட ஜான் கூச் ஆடம்சும் இரண்டாம் வழியைத் தேர்ந்தார்கள். நெப்டியூன் கிடைத்தது. நியூட்டனின் கோட்பாட்டுக்கு எதிரான சான்றுபோல் தோன்றிய ஒன்று, அதற்குக் கிடைத்த மிகப் பெரிய ஆதரவாக ஒரே இரவில் மாறியது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1859-இல், அதே லெவெரியே மற்றொரு பொருந்தாமையை அறிவித்தார். இம்முறை அது சூரியனுக்கு மிக அருகில் சுற்றும் புதனில் இருந்தது. ஒரு பாகையை 60 கலையாகவும், ஒரு கலையை 60 விகலையாகவும் பகுப்பது வானியல் வழக்கம். புதனின் நீள்வட்டப் பாதையில் அது சூரியனை மிகவும் நெருங்கும் புள்ளி ஒரே திசையில் நிலைத்து நிற்பதில்லை; ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிதளவு முன்னோக்கி நகர்கிறது. வெள்ளி, பூமி, வியாழன் முதலிய பிற கோள்களின் இழுப்பே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், அவற்றின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். கழித்த பிறகும் நூறு ஆண்டுகளுக்கு 38 விகலை மிஞ்சியது. 1882-இல் சைமன் நியூகோம் அதை 43 விகலை என்று திருத்தினார். முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 1,860 விகலை. அந்த அகலத்தைக் கடக்க இந்த மிச்ச நகர்வுக்கு 4,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இவ்வளவு நுண்ணிய விலகல் எப்படித் தெரிந்தது என்றால், புதன் சூரிய வட்டத்தின் குறுக்கே கடந்து செல்லும் நேரங்களை வானியலாளர்கள் 1697 முதலே குறித்து வைத்திருந்தார்கள். அந்தப் பதிவுகள் ஒன்றரை நூற்றாண்டாகச் சேர்ந்திருக்காவிட்டால், கேள்வியே எழுந்திருக்காது.

யுரேனசுக்குச் சொன்ன விடையையே லெவெரியே புதனுக்கும் சொன்னார். சூரியனுக்கும் புதனுக்கும் இடையில் கண்ணுக்குத் தப்பிய ஒரு கோளோ, சிறு பொருள்களின் கூட்டமோ இருக்க வேண்டும் என்றார். அந்தக் கோளுக்கு வல்கன் என்று பெயரும் வந்துவிட்டது. பிரான்சில் ஒரு கிராமத்து மருத்துவர், சூரிய வட்டத்தின்மேல் ஒரு கரும்புள்ளி நகர்ந்ததைக் கண்டதாக எழுதினார். லெவெரியே நேரில் சென்று அவரை விசாரித்து, அவர் சொன்னதை நம்பினார். 1878-இல் அமெரிக்காவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின்போதும் அதைப் பார்த்ததாகச் சிலர் அறிவித்தார்கள். வேறு யாராலும் அதை உறுதிசெய்ய முடியவில்லை. லெவெரியே அதற்கு முன்பே, 1877 செப்டம்பர் 23 அன்று, நெப்டியூன் அகப்பட்டதற்குச் சரியாக 31 ஆண்டுகள் கழித்து, வல்கன் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு இறந்துவிட்டார்.

வேறு வழியில் முயன்றவர்களும் இருந்தார்கள். ஈர்ப்பு விசை தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது என்பதில் அந்த ‘இரண்டு’ என்ற எண்ணை மிகமிகச் சிறிதளவு கூட்டினால் புதனின் கணக்கு நேராகிவிடும் என்று ஆசாப் ஹால் 1894-இல் காட்டினார். சந்திரனின் இயக்கத்தை நுட்பமாகக் கணக்கிட்டபோது அந்தத் திருத்தம் அங்கே ஒத்துவரவில்லை. புதனுக்கென்று தைத்த சட்டை சந்திரனுக்குப் பொருந்தாமல் போயிற்று. கடைசியில் 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் சமன்பாடுகளிலிருந்து புதனின் நகர்வைக் கணக்கிட்டார். எந்த எண்ணையும் இழுத்துப் பொருத்தாமல் 43 விகலை தானாக வந்து நின்றது. அதைக் கண்டபோது தமக்கு நெஞ்சு படபடத்தது என்று பிற்பாடு அவரே நண்பர்களிடம் சொன்னார். புதனுக்கு அருகில் மறைந்திருந்த கோள் எதுவும் இல்லை; மாற வேண்டியிருந்தது ஈர்ப்பைப் பற்றிய கோட்பாடுதான்.

அறிவியலின் வரலாற்றை விளக்குவதற்கு இந்த இரட்டைக் கதையைவிடச் சிறந்த இடம் இல்லை என்று நான் கருதுகிறேன். ஒரே மனிதர், ஒரே முறை, ஒரே வகையான பொருந்தாமை. ஒரு முறை கோட்பாட்டைக் காத்தது சரியாக இருந்தது, மறுமுறை தவறாக இருந்தது. கோட்பாட்டுக்கு முரணான ஓர் அவதானிப்பு கிடைத்தால் கோட்பாட்டைக் கைவிட வேண்டும் என்ற பொதுவான எண்ணத்தை இங்கே அப்படியே பொருத்திப் பார்த்தால், யுரேனஸ் விலகியபோதே நியூட்டனைக் கைவிட்டிருக்க வேண்டும். நெப்டியூன் அப்படிக் கிடைத்திருக்காது. பொய்ப்பிக்கப்படக் கூடியதாக இருப்பதே அறிவியல் கூற்றின் அடையாளம் என்று வலியுறுத்திய தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரும் இந்தச் சிக்கலை அறிந்தவரே. எந்தக் கோட்பாடும் தனியாக வானத்தைச் சந்திப்பதில்லை. கருவியின் துல்லியம், பிற பொருள்களின் நிறை, கணக்கில் விட்டுப்போனவை எவையும் இல்லை என்ற அனுமானம் ஆகிய அனைத்தும் கூடவே செல்கின்றன. விடை பொருந்தாதபோது இவற்றுள் எது தவறு என்பதை அந்தப் பொருந்தாமை தன் வாயால் சொல்வதில்லை.

பழைய கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை மூடர்கள் என்று எண்ணிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பூமி நகர்கிறது என்ற கருத்தை மறுத்தவர்கள் இதனால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று 499-இல் ஆரியபட்டர் எழுதினார். படகில் முன்னோக்கிச் செல்பவருக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கி நகர்வதாகத் தோன்றுவதுபோலவே, அசையாத விண்மீன்கள் மேற்கே நகர்வதாக நமக்குத் தோன்றுகின்றன என்றார். உவமை துல்லியமானது. ஆயினும் அவருக்குப் பின் வந்த வராகமிகிரரும் பிரம்மகுப்தரும் இதை ஏற்கவில்லை. பூமி சுழன்றால் கூட்டைவிட்டுப் பறந்த பறவைகள் எப்படிக் கூட்டுக்குத் திரும்பும், உயரமான பொருள்கள் ஏன் சரிந்து விழவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். ஏறக்குறைய இதே கேள்விகளை, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கசை ஐரோப்பாவில் மறுத்தவர்களும் கேட்டார்கள். தள்ளப்படாத பொருள் நின்றுவிடும் என்ற இயக்கக் கொள்கை நிலவிய வரையில் இவை நியாயமான கேள்விகளே. சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் பறக்கும் பூச்சிகளும் சொட்டும் நீர்த்துளிகளும் கப்பல் நிற்கும்போது இருப்பதைப் போலவே இருக்கும் என்று 1632-இல் கலிலியோ விளக்கி, அதிலிருந்து, இயங்கும் பொருள் எதுவும் தடுக்காதவரை அப்படியே இயங்கும் என்ற நிலைமக் கருத்து முதிர்ந்த பிறகே பறவைக்கு விடை கிடைத்தது. பூமியைப் பற்றிய கோட்பாடு மாறுவதற்கு, பொருள்களின் இயக்கத்தைப் பற்றிய கோட்பாடு முதலில் மாற வேண்டியிருந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பூமி சூரியனைச் சுற்றினால், ஆறு மாத இடைவெளியில் நாம் இரண்டு வேறு இடங்களிலிருந்து விண்மீன்களைப் பார்க்கிறோம். அருகிலுள்ள விண்மீன்கள் தொலைவிலுள்ளவற்றுக்கு முன்னால் சற்று இடம் மாறித் தெரிய வேண்டும். வெறுங்கண்ணால் அக்காலத்தில் யாரும் எட்டாத துல்லியத்தோடு அளந்த 16-ஆம் நூற்றாண்டு வானியலாளர் டைக்கோ பிராகேவுக்கும் அந்த இடமாறு தோற்றம் தென்படவில்லை. விண்மீன்கள் கற்பனைக்கு எட்டாத தொலைவில் இருப்பதால் தெரியவில்லை என்று சொன்னால், கண்ணுக்கு அவை காட்டும் பருமனைக் கொண்டு பார்க்கையில் ஒவ்வொரு விண்மீனும் சூரியனைவிட மிகப் பெரிதாக இருந்தாக வேண்டும். அது அவருக்கு நம்பத்தக்கதாகப் படவில்லை. அந்தப் பருமன் ஒளியும் கண்ணும் சேர்ந்து உண்டாக்கும் மயக்கம் என்பது அன்று தெரியாது. கோப்பர்நிக்கசின் நூல் 1543-இல் வந்தது. பிரெட்ரிக் பெசல் ஒரு விண்மீனின் இடமாறு தோற்றத்தை முதன்முதலாக நம்பகமாக அளந்தது 1838-இல். அளவு ஏறத்தாழ 0.3 விகலை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து வந்த அந்தச் சான்றுக்காக வானியல் காத்திருக்கவில்லை. அதற்கு வெகு முன்பே கெப்ளரின் நீள்வட்டங்களும் நியூட்டனின் விதிகளும் பூமியை நகர்த்திவிட்டிருந்தன. அந்த நீள்வட்டங்களும் டைக்கோவின் அளவுகளிலிருந்தே பிறந்தன. செவ்வாய்க்கு வட்டங்களைக் கொண்டு கெப்ளர் அமைத்த பாதை டைக்கோவின் பதிவிலிருந்து 8 கலை மட்டுமே விலகியது. டைக்கோ அவ்வளவு தவறாக அளந்திருக்க மாட்டார் என்ற உறுதியால் அவர் வட்டத்தைக் கைவிட்டு, 1609-இல் நீள்வட்டத்தை அறிவித்தார். பூமி நகரவில்லை என்று நம்பியவரின் அளவுகள்தான் பூமியை நகர்த்த உதவின.

தவறான கோட்பாட்டிலிருந்தும் நிலைத்த உண்மை பிறக்கலாம். எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்ற கொள்கையை, எரிந்த உலோகத்தின் எடை கூடுவதைத் தராசில் காட்டி வேதியியலாளர் லவாசியே வீழ்த்தினார் என்பது பலரும் அறிந்தது. அவரே 1789-இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் வெப்பத்துக்கு உரிய கலோரிக் என்ற எடையற்ற பாய்மமும் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் கலோரிக் ஒருபோதும் அழியாது, உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்த வெப்பநிலைக்கு இறங்கும்போது நீர்ச்சக்கரத்தைப் போல வேலை செய்கிறது என்று எண்ணியே சாடி கார்னோ 1824-இல் வெப்ப எந்திரங்களை ஆராய்ந்தார். எந்த எந்திரமும் வெப்பத்தை வேலையாக மாற்றும் திறனுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு, அந்த வரம்பை இரண்டு வெப்பநிலைகள் மட்டுமே தீர்மானிக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். வெப்பம் ஒரு பொருளன்று, ஆற்றலின் ஒரு வடிவம் என்பது பின்னர் உறுதியாகிக் கலோரிக் மறைந்தது. கார்னோவின் வரம்பு அப்படியே நின்று, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு அடித்தளமாயிற்று.

நியூட்டனுக்கும் இதுவே நேர்ந்தது. ஈர்ப்பு வலுவற்றதாகவும் வேகம் ஒளியின் வேகத்தைவிட மிகக் குறைவாகவும் இருக்கும் இடங்களில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் நியூட்டனின் சமன்பாடுகளாகவே சுருங்கிவிடுகின்றன. விண்கலங்களின் பாதையை இன்றும் பெரும்பாலும் நியூட்டனைக் கொண்டே வகுக்கிறார்கள். அதே சமயம், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் சார்பியல் விளைவுகளால் நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாவிட்டால் இடங்காட்டும் கணக்கு ஒரே நாளில் பல கிலோமீட்டர் பிழைத்துவிடும். புதிய கோட்பாடு பழையதன் வெற்றிகள் அனைத்தையும் சுமந்துகொண்டு, அது தோற்ற இடத்திலும் வெல்ல வேண்டும். ஹாலின் திருத்தம் தோற்றதும் ஐன்ஸ்டைனின் கோட்பாடு நிலைத்ததும் இந்தத் தேர்வில்தான்.

கணக்கு குறையற்றதாக இருந்தும் அனுமானம் தவறிப்போன ஒரு நிகழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். உருகிய நிலையிலிருந்து பூமி குளிர்ந்து இன்றைய நிலைக்கு வர எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1862-இல் கணக்கிட்டு 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் என்றார். 1897-இல் அதை 2 கோடி முதல் 4 கோடி என்று குறுக்கினார். பாறைகளையும் உயிரினங்களின் மாற்றத்தையும் ஆராய்ந்தவர்களுக்கு அந்தக் காலம் போதவில்லை. கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, பூமிக்குள்ளேயே வெப்பம் உண்டாகிறது என்று தெரிந்ததும் கெல்வின் கணக்கு வீழ்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. கெல்வினிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெரி, 1895-இலேயே, கதிரியக்கத்தைப் பற்றி யாரும் அறியும் முன்பே, பூமியின் உட்பகுதி மெல்லப் புரண்டு வெப்பத்தைக் கடத்துமானால் வயது பல மடங்கு உயரும் என்று காட்டியிருந்தார். பெரிய பிழை அங்கேதான் இருந்தது. பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து கிளேர் பேட்டர்சன் அறிவித்தது 1956-இல்.

பெரி சொன்ன அந்தப் புரளல் இன்னொரு கதைக்கும் உயிர்நாடி. 1912 ஜனவரியில் பிராங்ஃபர்ட் நகரில், வானிலை ஆய்வாளரான ஆல்பிரட் வெகனர், கண்டங்கள் ஒருகாலத்தில் சேர்ந்திருந்து பின் விலகின என்று உரையாற்றினார். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகியவற்றின் கரைகள் ஒன்றோடொன்று பொருந்துவது மட்டும் அவருடைய சான்று அன்று. மெசோசாரஸ் என்ற சிறு ஊர்வனவற்றின் எலும்புகள் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டுமே கிடைத்தன. அது அட்லாண்டிக்கை நீந்திக் கடந்திருக்க வழியில்லை. குளோசோப்டெரிஸ் என்ற தாவரத்தின் இலைப்படிவங்கள் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா ஆகிய நிலங்களில் கிடைத்தன. அதே 1912-இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பசியிலும் குளிரிலும் இறந்த ராபர்ட் ஸ்காட்டின் குழு, கடைசிவரை இழுத்துவந்த ஏறத்தாழ 16 கிலோ பாறைகளிலும் அந்த இலை இருந்தது. அன்டார்க்டிகாவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு அதுவே சான்று. நடக்கவே தெம்பில்லாத மனிதர்கள் அந்தக் கற்களை வீசி எறியாமல் வைத்திருந்தது என்னை இன்றும் நெகிழ வைக்கிறது.

நிலவியலாளர்கள் பலர் வெகனரை ஏற்கவில்லை. துறைக்கு வெளியிலிருந்து வந்தவர் என்ற வெறுப்பு ஓரளவு இருந்தது உண்மை. ஆனால் அவர்களிடம் காரணங்களும் இருந்தன. கண்டங்களை நகர்த்துவதாக அவர் சொன்ன விசைகள், பூமியின் சுழற்சியாலும் அலையேற்ற ஈர்ப்பாலும் உண்டாகுபவை, அந்த வேலைக்குச் சிறிதும் போதாதவை என்று ஹரால்டு ஜெஃப்ரிஸ் கணக்கிட்டுக் காட்டினார். கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்வதாக வெகனர் நம்பிய அளவுகள் பிழையானவை. கண்டங்கள் உண்மையில் நகர்வது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே. முடிவு சரி, காட்டிய காரணம் தவறு, அளவு தவறு. எதிர்த்தவர்களோ, கண்டங்களுக்கு இடையே இருந்த நிலப்பாலங்கள் கடலில் மூழ்கிவிட்டன என்று சொல்லிப் புதைபடிவங்களுக்கு விளக்கம் தந்தார்கள். கண்டப் பாறை கடலடிப் பாறையைவிட இலகுவானது, அது எப்படி மூழ்கும் என்ற வெகனரின் எதிர்க்கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. 1930-இல் கிரீன்லாந்தின் பனிவெளியில், ஐம்பது வயது நிறைந்த சில நாட்களில், வெகனர் இறந்தார். புவியின் உட்பகுதி வெப்பத்தால் புரள்கிறது, அந்தப் புரளலே கண்டங்களைச் சுமந்து செல்கிறது என்று ஆர்தர் ஹோம்ஸ் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் எழுதினார். இயக்கும் முறை இல்லாததுதான் ஒரே குறை என்றால் அப்போதே கோட்பாடு வென்றிருக்க வேண்டும்; வெல்லவில்லை. அந்தப் புரளலைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது.

வழி கடலடியிலிருந்து வந்தது. 1950-களில் மேரி தார்ப், புரூஸ் ஹீசன் ஆகியோர் ஒலி அளவுகளைக் கொண்டு அட்லாண்டிக்கின் அடித்தளத்தை வரைந்தபோது, நடுவே ஓடும் நீண்ட மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதைத் தார்ப் கண்டார். அந்தப் பிளவின் வழியே எரிகுழம்பு மேலெழுந்து உறையும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய புவிக்காந்தத்தின் திசையைத் தம்முள் பதித்துக்கொள்கின்றன. புவியின் காந்தப்புலம் பல முறை தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. எனவே கடலடி இருபுறமும் விரிந்துகொண்டே போனால், மலைத்தொடரின் இரு பக்கங்களிலும் நேர், எதிர் என மாறிமாறி வரும் காந்தப் பட்டைகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்திருக்க வேண்டும். 1963-இல் பிரெட்ரிக் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் இருவரும் இதை வெளியிட்டார்கள். கனடாவின் லாரன்ஸ் மார்லி அதே கருத்தைத் தனியாக எட்டி எழுதி அனுப்பிய கட்டுரையை இதழ்கள் ஏற்க மறுத்திருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் கப்பல்கள் இழுத்துச் சென்ற காந்தமானிகள் அந்தப் பட்டைகளை இருபுறமும் ஒரே ஒழுங்கில் பதிவு செய்தன. அரை நூற்றாண்டு இழுபறி ஏறக்குறைய ஐந்தே ஆண்டுகளில் தீர்ந்தது. வெகனர் சொன்ன வடிவில் அவருடைய கோட்பாடு திரும்பவில்லை. கண்டங்கள் தனியே கடலடியைக் கிழித்துச் செல்வதில்லை, கடலடியையும் சேர்த்துச் சுமக்கும் தட்டுகளே நகர்கின்றன.

லெவெரியேயின் இரு வழிகள் இன்று மீண்டும் வானியலாளர்களின் முன் நிற்கின்றன. 1933-இல் பிரிட்ஸ் ஸ்விக்கி, கோடிக்கணக்கான விண்மீன்கள் அடங்கிய விண்மீன் மண்டலங்கள் (கேலக்சிகள்) பல சேர்ந்த ஒரு கூட்டத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள மண்டலங்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் இருக்க, கண்ணுக்குத் தெரியும் நிறை சிறிதும் போதாது என்று கண்டார். 1970-களில் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டு ஆகியோரின் அளவுகள், விண்மீன் மண்டலங்களின் வெளிப்புறத்திலுள்ள விண்மீன்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுவதைக் காட்டின. கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விடை. இது யுரேனசுக்குச் சொன்ன விடை. மிகத் தாழ்ந்த முடுக்கங்களில் ஈர்ப்பு விதியே மாறுகிறது என்று 1983-இல் மோர்தகாய் மில்க்ரோம் முன்வைத்தது, புதனுக்குச் சொன்ன விடை. தனித்தனி மண்டலங்களின் சுழற்சிக்கு மில்க்ரோமின் விதி வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. மண்டலக் கூட்டங்களுக்கும் ஆதி அண்டத்தின் எஞ்சிய கதிர்வீச்சுக்கும் கரும்பொருளே நன்கு பொருந்துகிறது. என் சாய்வு கரும்பொருளின் பக்கம்; ஆனால் 1859-இல் இருந்திருந்தால் வல்கனின் பக்கமே நின்றிருப்பேன் என்பதையும் அறிவேன்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், மூடப்பட்ட ஒரு தங்கச் சுரங்கத்தினுள், தரைக்கு ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் கீழே, செனான் என்ற வாயு திரவ வடிவில் சுமார் 10 டன் நிறைந்த ஒரு தொட்டி இருக்கிறது. கரும்பொருளின் துகள் ஒன்று ஒரு செனான் அணுக்கருவில் மோதினால் உண்டாகும் மிக மெல்லிய ஒளியைப் பிடிப்பதற்காக, அதன் மேலும் கீழும் ஒளியுணர் குழாய்கள் நிரம்பியிருக்கின்றன. கரும்பொருளுக்கு உரியது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒளி எதுவும் இதுவரை அங்கே பதிவாகவில்லை.